வாகரைக் கிணறும் முழுமின் இல்லமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளமான நாடுகளின் குடும்பங்களைப் பெரிதும் கவர்ந்த "முழுமின் இல்லம்" என்னும் கருத்து, சமையல், நீர் சூடாக்கல், உடுப்புத் தோய்த்தல், உலர்த்தல், மினுக்குதல் முதலிய வேலைகள் அனைத்தையும் விறகு, நிலக்கரி, எரிவாயு ஆகியவற்றின் துணையின்றி மின்சாரம் ஒன்றினாலேயே நிறைவேற்றிக்கொள்ளும் வீட்டைக் குறித்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய நிறுவனங்கள் மின்வழங்கல் கம்பனிகளோடு சேர்ந்து 1956ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் தொடங்கிய பெரும் பரப்புரையில், வகுக்கப்பட்ட தரத்துக்கு மின்னமைப்பும் சாதனங்களும் கொண்ட வீடுகளுக்கு வாசலில் பதிக்கும் பதக்கம் ஒன்று வழங்கப்பட்டது. வீட்டைச் சூடாக்குவதற்கும் மின்சாரத்தையே பயன்படுத்திய வீடுகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்தக் காலத்துச் சலவை இயந்திரங்களைத் தேடி வாங்கித் துருநீக்கிப் பட்டி மாற்றி மீண்டும் ஓட வைத்து மகிழ்வோர் மேலைநாடுகளில் இன்று பலர் இருக்கின்றனர். கொலராடோ மாநிலத்தின் ஈட்டன் என்ற சிற்றூரில் லீ மாக்ஸ்வெல் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சலவை இயந்திரங்களைத் திரட்டி அரும்பொருட்காட்சியகமே அமைத்தார். இந்த ஏக்கத்தின் நடுவில் நிற்பது இயந்திரம். அதனை இயங்க வைத்த குழாய்நீரும் நிலையான மின்னோட்டமும் நினைவில் இடம்பெறுவதில்லை, ஏனெனில் அவை சுவருக்குள்ளும் நிலத்துக்கடியிலும் மறைந்திருந்தன. அவை மறையாமல், ஒவ்வொரு நாளும் கண்முன்னே நிற்கும் ஊரொன்றிலிருந்து பார்க்கும்போது முழுமின் இல்லத்தின் அறிவியல் வேறு வடிவில் விளங்குகிறது. அத்தகைய ஊர்களில் ஒன்று வாகரை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவில், வங்காள விரிகுடாவுக்கும் உப்பாற்றுக் களப்புக்கும் இடையே நீளும் மணற்பரப்பில் வாகரை அமைந்துள்ளது. மாங்கேணி, பனிச்சங்கேணி, கண்டலடி, பால்சேனை, கதிரவெளி என வெருகல் ஆறு வரை தொடரும் இக்கரையோர ஊர்களில், பதக்க வீடுகள் விற்கப்பட்ட ஆண்டுகளில், குப்பி விளக்கும் அரிக்கன் லாம்பும் இரவு வெளிச்சத்தைத் தந்தன. இலங்கைக்கே மின்சாரம் பிந்தி வந்தது என்று இதற்குக் காரணம் கூற முடியாது; கொழும்புக் கோட்டையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்விளக்கு எரிந்தது, மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் விரிவான கட்டுரை ஒன்றை முன்வைத்தார், 1920களில் தொடங்கி இடையில் கைவிடப்பட்ட லக்சபான நீர்மின் திட்டம் 1950இல் நிறைவேறியது, கிழக்கில் கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை மின்நிலையம் அதே பத்தாண்டின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. ஆயினும் மின்கம்பி நகரங்களையும் ஆலைகளையும் நாடிச் சென்றதே தவிர மணற்கரைக் குடியிருப்புகளை நாடவில்லை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதுகூட நாடு முழுவதிலும் ஏறத்தாழ 15 சதவீத வீடுகளிலேயே மின்விளக்கு இருந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டமையால், மின்சாரம் இருந்த நடுத்தர வீடுகளுக்கும் சலவை இயந்திரம் எட்டாப் பொருளாகவே இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரும், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் மீண்ட பின்னரும்தான் வீட்டு மின்சாதனங்கள் கிழக்கு மாகாணத்தில் பரவின. அந்தப் பரவல் வாகரையை எட்டுவதற்கு முன் உள்நாட்டுப் போர் எட்டிவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும், 2006இன் கடைசி மாதங்களில் முற்றான இடப்பெயர்வும் இவ்வூர்களைத் தாக்கின. 2007க்குப் பின் மீளக் குடியேறியவர்களின் வீடுகளுக்கே கம்பி வழி மின்சாரம் படிப்படியாக வந்து சேர்ந்தது. ஆகவே உலகின் ஒரு பகுதி எதனை இழந்த பொற்காலமாக நினைத்து ஏங்குகிறதோ, அது வாகரையில் நிகழாமலே கடந்துபோன காலமாகும்.

மின்கம்பி ஏன் சில இடங்களைத் தேடிச் செல்கிறது என்பதற்கு மின்சாதனங்களின் வரலாறே விடை தருகிறது. மின்நிலையம் ஒன்றின் செலவில் பெரும்பகுதி அணை, கொதிகலன், கம்பித் தொடர் ஆகியவற்றைக் கட்டுவதற்கே ஆகிவிடுவதால், மாலையில் சில மணிநேரம் விளக்கு மட்டும் எரியும் ஊருக்கு மின்சாரம் வழங்குவது நட்டமாகவும், பகலிலும் பயன்பாடு உள்ள ஊருக்கு வழங்குவது ஆதாயமாகவும் அமைகிறது. கலிபோர்னியாவின் ஒன்ராறியோ நகரத்து மின்நிலையத்தில் கண்காணிப்பாளராக இருந்த ஏர்ல் ரிச்சர்ட்சன் 1900களின் முதற்பகுதியில் தாம் வடிவமைத்த மின் அழுத்திகளை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்நாளில் மின்நிலையம் இரவில் மட்டுமே இயங்கியது. திங்கட்கிழமை தோய்த்துச் செவ்வாய்க்கிழமை மினுக்குவது அங்கு வழக்கமாக இருந்தமையால், செவ்வாய்க்கிழமைகளில் பகலிலும் மின்சாரம் வழங்குமாறு அவர் கம்பனியை இணங்கச் செய்தார். ஹொட்பொயின்ற் என்ற பெயர் பெற்ற அழுத்தி அந்த முயற்சியில் பிறந்தது. வீட்டுச் சாதனம் மின்கம்பியின் விளைவு மட்டுமன்று, மின்கம்பி நீள்வதற்கான காரணமும் அதுவே என்பதை இச்செய்தி காட்டுகிறது. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த பதக்க வீட்டுப் பரப்புரையும் இதே கணக்கின் பெருக்கமே: புதிதாகக் கட்டிய மின்நிலையங்களுக்கு நுகர்வு தேவைப்பட்டது, அந்த நுகர்வு மகிழ்ச்சியான குடும்பத்தின் படமாக வரைந்து காட்டப்பட்டது.

சலவை என்பது அறிவியல் நோக்கில் எத்தகைய செயல் என்பதை ஹென்கல் நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஹேர்பெர்ட் சின்னர் 1959ஆம் ஆண்டில் ஒரு வட்டமாக வரைந்து விளக்கினார். அழுக்கு நீங்குவதற்கு வேதிப்பொருள், பொறிமுறை அசைவு, வெப்பம், நேரம் ஆகிய நான்கும் வேண்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுசெய்யலாம் என்பதே சின்னர் வட்டத்தின் சாரம். துவைகல்லில் ஓங்கி அடிப்பவர் அசைவைக் கூட்டி வெப்பத்தை மிச்சப்படுத்துகிறார். இரவு முழுவதும் ஊறவைப்பவர் நேரத்தைக் கூட்டி அசைவை மிச்சப்படுத்துகிறார். தமிழ் ஊர்களின் சலவைத் தொழிலாளர் கையாண்ட வெள்ளாவி முறை இந்த வட்டத்தை மிக நுட்பமாகப் பயன்படுத்திய ஒன்றாகும். சோடியம் காபனேற்று நிறைந்த உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளை ஊறவைத்து, நீர் கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி நீராவியில் அவிக்கும்போது, வியர்வையின் கொழுப்பு காரத்தோடு சேர்ந்து துணியிலேயே சவர்க்காரமாக மாறிவிடுகிறது. அழுக்கே அழுக்கைக் கழுவும் பொருளாகிறது. இவ்வளவு அறிவு திரண்ட தொழில் பிறப்பினால் விதிக்கப்பட்ட கடமையாக ஒரு சில குடும்பங்களின் மேல் சுமத்தப்பட்டதும், அவ்வேலையைச் செய்தோர் தாழ்த்தப்பட்டதும் சமூகத்தின் கொடுமை. இயந்திரம் அந்தப் பிணைப்பைத் தளர்த்தியதை வரவேற்கவே வேண்டும்.

சின்னர் வட்டத்தில் நீர் ஒரு கூறாக எண்ணப்படவில்லை. நான்கு கூறுகளையும் இணைக்கும் ஊடகமாக அது நடுவில் கொள்ளப்படுகிறது. அதாவது நல்ல நீர் தாராளமாக இருக்கிறது என்பது முன்னரே ஏற்கப்பட்டுவிட்டது. வாகரையில் கணக்கு இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணலில் பெய்யும் மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையின் வடிவில் மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி கூடியதாகையால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் தேங்கினால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இதனை நெதர்லாந்தின் படோன் கைபன், ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்தனர். இதன் மறுபக்கம் கவலைக்குரியது: கிணற்றில் நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் உப்புநீரின் எல்லை நீண்டகால நோக்கில் 4 மீற்றர் மேலெழக்கூடும். வாளியால் அள்ளும் கிணற்றில் இந்தத் தாழ்வு சிறிது நேரத்தில் ஊறி நிரம்பிவிடும். மின்மோட்டர் பூட்டித் தொடர்ந்து இறைக்கும்போது உப்புநீர் கிணற்றை நோக்கிக் கூம்பாக எழுகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பு மாவட்டத்துக் கரையோரக் கிணறுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக உணர்த்தின. உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவாக்கும் முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. வடகீழ்ப் பருவமழை மணலினூடாக இறங்கி வில்லையை மீண்டும் நிரப்பியபோதே நீர் படிப்படியாகத் தெளிந்தது. இக்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடுவதால், ஆடி ஆவணியில் கிணற்று நீர் உவர்ப்பேறுவது இயல்பு.

உவர்நீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பதைக் கரையோர மக்கள் அனைவரும் அறிவர். சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. அதன் நீண்ட மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்வதால், எண்ணெய்ப் பிசுக்கு சிறு துளிகளாக உடைந்து நீரோடு போய்விடுகிறது. நீரில் கல்சியமும் மக்னீசியமும் இருந்தால், கொழுப்பமிலம் அவற்றோடு சேர்ந்து கரையாத வெண்படிவாகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். சோடியம் உப்பு மிகுந்தால் சவர்க்காரமே கரைசலிலிருந்து பிரிந்து திரளும். தேங்காயெண்ணெயிலிருந்து செய்த சவர்க்காரம் இதற்கு ஓரளவு விலக்கு. அதன் கொழுப்பமிலங்கள் குட்டையான தொடர் உடையவையாதலால் உப்புநீரிலும் கரைந்து நுரைக்கின்றன, இதனாலேயே கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தைக் கொண்டு சென்றனர். 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான டைட் போன்ற செயற்கைச் சலவைத்தூள்கள் கல்சியத்தோடு படிவு உண்டாக்காத மூலக்கூறுகளைக் கொண்டிருந்தமையாலேயே, அக்காலத்துத் தானியங்கி இயந்திரங்கள் எல்லா ஊர் நீரிலும் வேலை செய்தன. நடுநூற்றாண்டின் சலவைப் புரட்சி என்று போற்றப்படுவதில் பாதி, இயந்திரத்துக்கு உரியதன்று. பொதிக்குள் இருந்த தூளுக்கு உரியது.

இந்த வேதியியலை இலங்கைத் தமிழர் கடும் நெருக்கடியில் பனைமரத்திடம் தேடிக் கண்டனர். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வடக்கில் சவர்க்காரம் கிடைக்காமற்போனபோது, பழைய வழக்கத்தை மீட்டுப் பழுத்த பனம்பழத்தின் களியால் உடுப்புத் தோய்த்தனர். அக்களியின் கசப்புக்குக் காரணமானவை ஃபிளபெல்லிஃபெரின் எனப்படும் சபோனின் வகைச் சேர்மங்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் குழுவினர் இவற்றை நீண்டகாலம் ஆராய்ந்தனர். சபோனின் மூலக்கூற்றில் எண்ணெயை நாடும் பகுதியோடு சர்க்கரைத் தொகுதிகள் நீரை நாடும் பகுதியாக இணைந்திருக்கின்றன. மின்னேற்றம் இல்லாத இம்மூலக்கூறு கல்சியத்தோடு படிவதில்லை. எனவே கடின நீரிலும் அது நுரைத்து அழுக்கை எடுக்கும். பனங்களியில் தோய்த்த உடுப்பின் வாசனைக்கு மாடுகள் வந்து சப்பிய நினைவு வடக்கில் பலரிடம் இன்றும் உண்டு. அந்நாளைப் பொற்காலம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் அந்த அறிவு பதிவு பெறவேண்டியது, ஏனெனில் அது ஆய்வுகூடம் ஒன்று தரக்கூடிய விடையை வளவுக்குள் நின்ற மரத்திலிருந்து பெற்ற அறிவு.

அசைவைக் கையிலிருந்து மோட்டருக்கு மாற்றியதே இயந்திரத்தின் பங்கு. 1910இல் அமெரிக்காவில் அல்வா ஃபிஷர் பெற்ற காப்புரிமையின் வழிவந்த மின்னுருளை இயந்திரங்கள், 1922இல் மேய்டாக் நிறுவனம் தொட்டியின் அடியில் பொருத்திய கலக்கி, 1937இல் தானாகவே நீரேற்றி அலசிப் பிழிந்து நிறுத்திய பெண்டிக்ஸ் என வளர்ந்த இத்தொடரில், பிரித்தானியாவின் மேர்தர் டிட்ஃபில் நகரில் 1948இல் ஹூவர் திறந்த தொழிற்சாலையும், 1953இல் யப்பானின் சன்யோ நிறுவனம் வெளியிட்ட சுழல்தட்டு இயந்திரமும் ஆசிய வீடுகளுக்கு நெருக்கமானவை. ஹூவர் 1957இல் கொண்டுவந்த இரட்டைத்தொட்டி இயந்திரத்தில் ஒரு தொட்டி தோய்க்கும், மற்றது சுழன்று பிழியும். 11 சென்ரிமீற்றர் ஆரையுள்ள பிழிதொட்டி நிமிடத்துக்கு 1,400 முறை சுழலும்போது, அதன் சுவரில் ஒட்டியுள்ள துணியை அழுத்தும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 240 மடங்காகிறது. இரு பெண்கள் இரு முனையில் நின்று முறுக்கினாலும் எட்டமுடியாத பிழிவு அது.

உடலுழைப்பை மின்னலகோடு ஒப்பிட்டால் இம்மாற்றத்தின் பெறுமதி புலப்படும். ஒரு கிலோவொற் சாதனம் ஒரு மணிநேரம் இயங்கச் செலவாகும் மின்சாரமே பட்டியலில் ஓர் அலகு எனப்படுகிறது. உடல்வலிமையுள்ள ஒருவர் நாள் முழுவதும் இடைவிடாது தரக்கூடிய வேலை ஏறத்தாழ 75 வொற் என்று கொண்டால், 8 மணிநேர உழைப்பு 0.6 அலகுக்கே சமம். அக்காலத்து மேற்திறப்பு இயந்திரம் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 150 லீற்றர் நீர் கொண்டது. 4 மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து அதை மேலே தூக்கத் தேவைப்படும் ஆற்றல் ஓர் அலகின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. மின்பட்டியலில் கண்ணுக்கே தெரியாத இந்தத் தொகை, வாகரைப் பெண்ணுக்கோ பதினைந்து வாளி இழுப்பும், நன்னீர்க் கிணறு தொலைவில் இருந்தால் மணலில் பலமுறை நடையும் ஆகும். இந்த வேறுபாட்டை எந்த அலகும் அளப்பதில்லை. மோட்டரும் குழாயும் முதலில் வரவேண்டியது இக்காரணத்தாலேயே. சுமக்கும் வேலை நீங்காத வீட்டில் சலவை இயந்திரம் வந்தால், அதற்கும் நீர் சுமக்க வேண்டியிருக்கும். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் 1983இல் வெளியிட்ட ஆய்வுநூலில், வீட்டு இயந்திரங்கள் வந்த பின் அமெரிக்கப் பெண்களின் வீட்டுவேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டினார். வெளியே சலவைக்குப் போன துணிகள் வீட்டுக்குத் திரும்பின, உடுப்பு மாற்றும் எண்ணிக்கை கூடியது, துப்புரவின் அளவுகோல் உயர்ந்தது. விளம்பரப் படத்தில் சிரித்து நின்ற இல்லத்தரசியின் நாள் அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

மின்கம்பி வந்த பின்னரும் அதன் முனையில் இருக்கும் ஊருக்குத் தனியான இடர் ஒன்று உண்டு. வாழைச்சேனை உபமின்நிலையத்திலிருந்து 33,000 வோல்ற்றில் புறப்படும் கம்பி கரையோர ஊர்களைக் கடந்து வருகையில், மாற்றியின் வழியாக 230 வோல்ற்றாகக் குறைக்கப்பட்டு வீடுகளுக்குச் செல்கிறது. கம்பியின் தடை அதன் நீளத்தோடு கூடுவதால், மாலையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் எடுக்கும்போது, மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள வீட்டில் மின்னழுத்தம் தாழ்கிறது. சலவை இயந்திரத்தில் உள்ள தூண்டல் மோட்டரின் சுழற்றுதிறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. ஆகவே 230 வோல்ற் 180ஆகக் குறைந்தால் சுழற்றுதிறன் 78 சதவீதமாகக் குறைவதில்லை, 61 சதவீதமாகவே குறைகிறது. ஈரத்துணி நிறைந்த தொட்டியை அசைக்க முடியாமல் மோட்டர் முனகி நிற்கும், சுழலாத நிலையில் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிச் சுருள் கருகும். விளக்கு மங்குவதோடு தப்பிவிடும், மோட்டர் தப்பாது. பகல் பத்து மணிக்குத் தோய்ப்பதும் இரவு ஏழு மணிக்குத் தோய்ப்பதும் இயந்திரத்தின் ஆயுளில் வேறுபாட்டை உண்டாக்குவதன் காரணம் இதுதான். கடற்காற்றின் உப்புத்துகள் முனைகளில் படிந்து ஈரத்தை ஈர்த்து அரிப்பை ஏற்படுத்துவது இதன்மேல் கூடுதல் சுமை.

முழுமின் இல்லத்தின் சலவைச் சாதனங்களில் மிகப் பெரிய மின்தின்னி, துணி உலர்த்தும் இயந்திரம். ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாயூல், அதாவது 0.67 அலகு வேண்டும். 5 கிலோ உடுப்பைக் கையால் பிழிந்தால் ஏறத்தாழ அதே எடை நீர் அதில் தங்கும். அதனை வெப்பத்தால் மட்டும் போக்க 3 அலகுக்கு மேல் செலவாகும். சுழற்றிப் பிழிந்த பின் நீர் பாதியாகிவிடுவதால் செலவும் பாதியாகிறது. வாகரையில் இந்த வேலையைக் காற்று செய்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் கச்சான் காற்று, மட்டக்களப்பு மக்கள் நன்கறிந்த வறண்ட வெப்பக் காற்று. பகல் வெப்பநிலை 33, 34 பாகையை எட்டும் அந்நாட்களில் கொடியில் போட்ட சாரம் மிக விரைவில் உலர்ந்துவிடும்.

கச்சான் வறண்டிருப்பதன் காரணம் இக்கட்டுரையின் பொருளோடு வியப்பூட்டும் வகையில் இணைந்தது. இந்து சமுத்திரத்திலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேல் பருவக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. நீராவி மழையாகும்போது வெளிவிடும் வெப்பத்தால், ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ அரைப்பாகையே குளிர்கிறது. ஈரத்தை இழந்து கிழக்குச் சரிவில் இறங்கும்போதோ ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறுகிறது. எனவே மலையைக் கடந்த காற்று, ஏறுவதற்கு முன் இருந்ததைவிட வெப்பமாகவும் வறட்சியாகவும் கிழக்குச் சமவெளியை அடைகிறது. மேற்குச் சரிவில் அது இறக்கிவைத்த மழையே காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தேங்கி லக்சபானத் தொகுதியின் சுழலிகளைச் சுழற்றுகிறது. மலையின் ஒருபுறம் மின்சாரமாகும் காற்று மறுபுறம் கொடியில் துணியை உலர்த்துகிறது; முன்னதற்கு அணையும் கம்பியும் பட்டியலும் உண்டு, பின்னதற்கு ஒரு கயிறு போதும். ஓராண்டில் தென்மேல் பருவமழை பொய்த்தால் நீர்மின் உற்பத்தி குறைந்து, நாடு எண்ணெயையும் நிலக்கரியையும் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கும். வாடைக்காற்று வீசும் மார்கழியில் நிலை தலைகீழாகிறது: கிணறு நிறைந்து நீர் இனிக்கும், ஆனால் உடுப்பு உலராது. நல்ல நீரும் நல்ல வெயிலும் வாகரையில் ஒரே பருவத்தில் வருவதில்லை.

எல்லா வேலைக்கும் ஒரே ஆற்றலை நம்பும் வீட்டின் நொய்மையை 2022ஆம் ஆண்டு முழு இலங்கையும் உணர்ந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. சமையல் எரிவாயுவும் கிடைக்கவில்லை. மின்னடுப்புக்கு மாறியிருந்த நகரவீடுகள் முற்றத்தில் கல்லடுக்கி விறகு மூட்டின. அமெரிக்காவில் பதக்க வீடுகளின் கவர்ச்சியை 1973இன் எண்ணெய் நெருக்கடியும் கூடிய மின்கட்டணமும் குலைத்ததை ஒத்ததே இது. இன்று காலநிலை மாற்றத்தின் பெயரால் முழுமின் இல்லம் மீண்டும் பேசப்படுகிறது, கூரைச் சூரியத் தகடுகள் அதற்குப் புதிய நியாயத்தையும் தருகின்றன. மின்சாரம் பகலில் உண்டாவதால் தோய்த்தலும் இறைத்தலும் பகலில் நடப்பது அதற்குப் பொருந்தும். செவ்வாய்க்கிழமைப் பகலுக்காக ரிச்சர்ட்சன் வாதாடியதுபோல் எவரும் வாதாடத் தேவையில்லை.

பழைய இயந்திரங்கள் மிக உறுதியானவை என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல் தேவை. 1950களின் இயந்திரங்களில் பெரும்பாலானவை பழுதாகி உருக்காலைக்குப் போய்விட்டன. எஞ்சியவை உறுதியானவையாதலால், அக்காலத்தவை அனைத்தும் உறுதியானவை என்ற தோற்றம் எழுகிறது. எனினும் இந்த ஏக்கத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. அவற்றின் பல்சக்கரமும் பட்டியும் சுருள்வில் நேரமானியும் திறந்து பார்த்தால் விளங்குபவை, சைக்கிள் திருத்துபவருக்கும் கைவரக்கூடியவை. போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகத்துக்கு இத்தகைய இயந்திரத்தின் அருமை தெரியும். இன்றைய முழுத்தானியங்கியில் மின்னணுப் பலகை பழுதானால் அதனை மாற்றுவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை, தாழ்ந்தும் உயர்ந்தும் வரும் மின்னழுத்தத்தில் எளிதில் பழுதாவதும் அந்தப் பலகையே.

இதனாலேயே, மேலைநாட்டில் அரும்பொருளாகிவிட்ட 1957ஆம் ஆண்டின் இரட்டைத்தொட்டி வடிவம், அரைத்தானியங்கி என்ற பெயரில் இலங்கைக் கடைகளில் இன்றும் விற்கப்படுவது வியப்பன்று. முழுத்தானியங்கியின் நீர்வாயில் முறையாகத் திறந்து இயங்க, குழாயில் பொதுவாக 3 முதல் 5 மீற்றர் உயரத்துக்குரிய அமுக்கம் வேண்டும். தாழ்ந்த கூரைமேல் வைத்த தாங்கி அதனைத் தராது, தனிக் கோபுரம் கட்ட வேண்டும். இரட்டைத்தொட்டிக்கு வாளியால் ஊற்றினாலும் போதும். மின்சாரம் இடையில் நின்றால், அது மீண்டும் வந்ததும் நேரமானியைத் திருப்பி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலில் வெள்ளை உடுப்பும் பின்னர் நிற உடுப்பும் கடைசியில் மீன்பிடிக்குப் போட்ட உடுப்பும் ஒரே சவர்க்கார நீரில் தோய்க்கலாமாதலால், உவர்க்காத கிணற்றுநீர் குறைந்த ஆவணி மாதத்தில் அது நீரை மிச்சப்படுத்தும். அலசிய நீர் தென்னையின் அடிக்குப் போகலாம், ஆனால் கிணற்றிலிருந்து தள்ளியே போகவேண்டும். மணல் அதனை வடிகட்டித் தடுத்து வைக்காது, நன்னீர் வில்லைக்கே இறக்கிவிடும். இயந்திரத்தை ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று இயக்குவோரின் உயிருக்குப் பாதுகாப்பாக 30 மில்லி அம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் சரியான நிலத்தொடுப்பும் இன்றியமையாதவை. உலர்ந்த மணல் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்துவதால், மழைக்காலத்தில் நட்டுச் சோதித்துச் சரியென்று கண்ட நிலத்தொடுப்புக் கோல், நீர்மட்டம் இறங்கிய கச்சான் மாதங்களில் பயனற்றுப்போகலாம். கோடையிலும் ஈரம் உள்ள ஆழம் வரை கோலை இறக்கி, ஆடி ஆவணியில் ஒருமுறை மின்னியலாளரைக் கொண்டு அளந்து பார்ப்பது வாகரை வீடுகளுக்கு அவசியமாகும்.